பூவராகன் ஏரியும் எறும்பு முழமும்

ஒரு காட்டில் பூவராகன் என்ற காட்டுப்பன்றிக்குச் சொந்தமாக ஓர் ஏரி இருந்தது. சொந்தம் என்றால், ஓடை காட்டுக்குச் சொந்தம், மழை வானத்துக்குச் சொந்தம், நடுவே நின்ற மண்கரை மட்டும் பூவராகனுக்குச் சொந்தம். அந்தக் கரையை அவர் தம் மூக்காலேயே உழுது, உருட்டி, ஒரே கோடையில் எழுப்பினார். தண்ணீர் வந்து நின்றதும் அதுவும் தம்முடையதுதான் என்று சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவர்கள் எல்லாரும் படகில் ஏறியிருந்தார்கள்.

படகு என்றால் ஆமை. ஆறு ஆமைகள் கரையோரம் வரிசையாக மிதந்தன. முதுகில் இரண்டு முயல்களோ ஒரு முள்ளம்பன்றியோ ஏறலாம். முள்ளம்பன்றி ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் டோக்கன் வரிசை மூங்கில் புதர் வரை நீண்டது. ஆமை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் வரிசையில் நின்ற முயலுக்குக் குட்டி பிறந்து, குட்டிக்கும் அரை டோக்கன் கிழித்ததாகச் சொல்வார்கள்.

ஏரி எப்போதும் தளும்பி நிற்க வேண்டும் என்பது பூவராகனின் கொள்கை. ஒரு சாண் குறைந்தாலும் சேறு தெரியும். படத்தில் நன்றாக விழாது. கரை கட்டியபோது, மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டிருந்தார். மறுகால் என்பார்கள். ஏரி பிரபலமானதும் அந்த மறுகாலை மண் போட்டு அடைத்து, அதன் மேல் 'ஐ லவ் பூவராகன் ஏரி' என்று சிவப்பு இதயத்தோடு மான் உயர எழுத்துகளை நிறுத்தினார். காட்டில் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குரங்குகள் இதயத்துக்குள் உட்கார்ந்து எடுத்துக்கொண்டன.

இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று கேட்டால், உண்டு. அந்தக் காட்டில் நீர்த்தடுப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதிகாரி ஏகாம்பரம் என்ற கொக்கு. எந்தக் கோப்பையும் ஒற்றைக் காலில் நின்றபடியே பார்ப்பவர். அலுவலகத்தின் நான்காம் விதி இப்படிச் சொன்னது: பத்து முழமும் அதற்கு மேலும் உயரமுள்ளது அணை, பத்து முழத்துக்குக் குறைந்தது வரப்பு. அணை என்றால் ஆய்வு உண்டு, மறுகாலைத் திறந்து வைக்க வேண்டும், மழைக்கு முன் தண்ணீரை இறக்க வேண்டும். வரப்பு என்றால் ஒன்றுமில்லை.

யார் கை முழம் என்று விதியில் இல்லை. விண்ணப்பிப்பவரே அளக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று மட்டும் இருந்தது. பூவராகன் யானையைக் கூட்டிக்கொண்டு போனார்.

"யானைக்குக் கை எது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"பேர்லயே இருக்கே சார். தும்பிக்கை" என்றார் பூவராகன்.

"முழம்னா முழங்கையிலேருந்து விரல் நுனி வரைக்கும். இதுல முழங்கை எங்க?"

யானை தும்பிக்கையை மடக்கியும் நீட்டியும் காட்டியது. எங்கு வேண்டுமானாலும் மடங்கியது. முழங்கை இன்ன இடம் என்று சொல்ல முடியாததால் முழுக்கையும் ஒரு முழம் என்று எழுதப்பட்டது. கரையின் உயரம் இரண்டரை முழம். பதிவேட்டில் வரப்பு என்று ஏறியது. அன்று முதல் ஏகாம்பரம் வாரம் இருமுறை ஏரிக்கு வந்து, நீரின் தரத்தை வாயாலேயே சோதித்துவிட்டுப் போனார். தரம் திருப்தி. மீன்களும் நல்ல பருமன்.

கரைக்குக் கீழே ஓடை வற்றிக் கிடந்தது. மேலே அடைத்துவிட்டதால் கீழே வெறும் கூழாங்கல். அந்தக் கூழாங்கல்லில்தான் தைலம்மை என்ற ஆள்காட்டிக் குருவியும் அவள் கணவன் சோலையும் குடியிருந்தார்கள். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் சின்னப் பள்ளம் பறித்து, சுற்றிலும் பொடிக்கற்களை வட்டமாக வைத்து, நடுவில் முட்டையிடும். யார் அந்தப் பக்கம் வந்தாலும் கூச்சல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தைலம்மையின் வட்டத்தில் நான்கு முட்டைகள் இருந்தன. பொரிக்க இருபத்தெட்டு நாள் ஆகும். பதினாறு நாள் முடிந்திருந்தது.

பதினேழாம் நாள் காலையில் நண்டு சங்கிலி பக்கவாட்டில் நடந்து வந்தான். ஏரிக்கரைக்குள் வளை தோண்டிக் குடியிருப்பவன்.

"மதினி, நேத்து வரைக்கும் என் வீட்டுக்கு ஒரு வாசல்தான். இன்னிக்கு ரெண்டு."

"வீட்ட இழுத்துக் கட்டினியா?"

"நான் ஒண்ணும் செய்யல. ஏரிப்பக்கம் தோண்டிக்கிட்டே போனேன். காலையில பாத்தா மறுபக்கம் வெளிச்சம் வருது. பின்வாசல்ல நின்னா உங்க வீடு தெரியுது."

"எங்க வீடா?"

"முட்டை நாலும் தெரியுது. மூணாவது கொஞ்சம் சாஞ்சிருக்கு."

தைலம்மை பறந்து போய்ப் பார்த்தாள். கரையின் அடியில் ஓரிடம் நனைந்து, தண்ணீர் விரல் கனத்தில் வழிந்துகொண்டிருந்தது. நிறம் பால் குறைந்த தேநீர்.

"தெளிஞ்ச தண்ணின்னா பயமில்ல மதினி, சும்மா கசிவு" என்றான் சங்கிலி. "கலங்கலா வந்தா உள்ளேயிருந்து மண்ணையும் கூட்டிட்டு வருதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள்ல ஆனிச் சாரல் ஆரம்பிச்சிரும். நான் மாமனார் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்." அவன் பக்கவாட்டிலேயே போய்விட்டான்.

தைலம்மை பூவராகனைத் தேடிப் போனாள். தேட வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தக் கசிவுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை நட்டுக்கொண்டிருந்தார். 'இயற்கை ஊற்று. தோல் வியாதிக்கு நல்லது.' அதற்குள் நான்கு குரங்குகள் சுரைக்குடுக்கையோடு வரிசையில் நின்றன.

"அண்ணாச்சி, கரை கசியுது."

"கசிவுன்னு சொல்லாத தைலம்மை. ஊற்றுன்னு சொல்லு. கேக்கறவங்களுக்கும் நல்லாருக்கும்."

"மண்ணோட வருதே."

"அதான் மருந்து."

"மறுகாலையாவது திறந்து விடுங்க. சாரல் வந்தா அணை தாங்காது."

பூவராகன் பலகையை மூக்கால் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். "எது அணை? இது வரப்பு. சர்டிபிகேட் இருக்கு. வரப்புல உடையறதுக்கு என்ன இருக்கு?"

"கீழ என் முட்டை இருக்கு அண்ணாச்சி."

"தூக்கிட்டு மேட்டுக்குப் போயேன்."

"தூக்க எங்களுக்குக் கை கிடையாதே."

"அப்ப முட்டை போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றார் பூவராகன். குரங்குகள் ஆமாம் என்று தலையாட்டின. அவற்றுக்குக் கை இருந்தது.

தைலம்மை தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஏரிக்கு மேல் வட்டமடித்து, தொண்டை வற்றும் வரை கத்தினாள். ஆமை மேல் உட்கார்ந்திருந்த முயல், "ஆள்காட்டி கத்துது, யாரோ வராங்க போல" என்றது. பக்கத்து முயல் திரும்பிப் பார்த்து, "யாரும் வரல" என்றது. இரண்டும் மறுபடி படம் எடுத்துக்கொண்டன.

பிறகு அவள் நீர்த்தடுப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பச்சோந்தி. அடையாள அட்டையில் இருக்கும் நிறமும் நேரில் இருக்கும் நிறமும் ஒத்துவரவில்லை என்று ஐந்து முறை திருப்பி அனுப்பப்பட்டது. ஆறாவது முறையாக வந்திருந்தது. மூன்றாம் நாள் பகலில்தான் தைலம்மையின் முறை வந்தது. மரத்தில் ஒட்டியிருந்த தாளில் 'தலைமை அதிகாரி மதிய உணவுக்கு ஏரிக்குச் சென்றுள்ளார்' என்று இருந்ததால், இன்னும் சற்று நேரம் நின்றாள்.

"பேரு?" என்றார் ஏகாம்பரம், அலகைத் துடைத்தபடி.

"தைலம்மை."

"இனம்?"

"ஆள்காட்டி."

ஏகாம்பரம் பேனாவைக் கீழே வைத்தார். "போன மாசம் உங்க இனத்திலேருந்து வந்த எச்சரிக்கை எத்தனை தெரியுமா? நானூத்திப் பன்னிரண்டு. ஆடு வருதுன்னு நூத்தம்பது. மேகம் வருதுன்னு முப்பது. நான் வரேன்னு ஒண்ணு."

"நீங்க முட்டைப் பக்கமா வந்தீங்க சார்."

"ஆய்வுக்கு வந்தேன்."

"இது அப்படியில்ல சார். பூவராகன் அண்ணாச்சி அணை கசியுது."

ஏகாம்பரம் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'அணைகள்' என்ற பக்கம் சுத்தமாக இருந்தது. அலுவலகம் திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். எதிர்ப்பக்கத்தில் 'வரப்புகள்: ஒன்று' என்று இருந்தது. "இந்தக் காட்டுல அணையே கிடையாதும்மா. இல்லாத அணை எப்படிக் கசியும்?"

"சரி சார், வரப்புன்னே வைங்க. அது உடைஞ்சா என் முட்டை நாலும் போயிரும்."

"முட்டைக்கு விதி இல்ல. அணைக்குத்தான் விதி." அவர் காலை மாற்றி நின்றார். கருணை வரும்போது அவர் காலை மாற்றுவது வழக்கம். "உங்களுக்காகச் சொல்றேன். கீழ ஒரு அணை இருந்து, அது நிரம்பியும் இருந்துச்சுன்னு வைங்க, மேல இருக்கிற வரப்புத் தண்ணியக் கொஞ்சங்கொஞ்சமா இறக்கச் சொல்லி நானே உத்தரவு போடுவேன். விதி பதினொண்ணு. அணைக்கு ஆபத்து வந்துரக் கூடாது பாருங்க. கீழ அணை இருக்கா?"

"முட்டைதான் இருக்கு."

"அப்பறம் என்ன. அடுத்தது யாரு?"

தைலம்மை திரும்பி வந்தபோது சோலை முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் இல்லாத மூன்று நாளும் அவன் இரை தேடப் போகவில்லை. அந்த மூன்று நாளில் கசிவு கட்டைவிரல் கனத்துக்கு வந்திருந்தது. ஊற்று வரிசையில் குரங்குகள் இருபதாகியிருந்தன.

"என்ன சொன்னாரு?"

அவள் சொன்னாள்.

"கத்திப் பாத்தியா?"

"அதையும் எண்ணி வச்சிருக்காங்க."

சோலை பெருமூச்சு விட்டான். "இங்க எனக்கு இந்தச் சித்தெறும்புத் தொல்லை. காலையிலேருந்து இந்தக் கல்லுல ஏறுது. இன்னும் ஏறி முடிக்கல."

தைலம்மை குனிந்து பார்த்தாள். கூட்டைச் சுற்றி வைத்திருந்த பொடிக்கல்லின் விளிம்பில் ஒரு சித்தெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கல் அவளுடைய கால் நகத்தளவுதான். எறும்பு பாதியில் நின்று மூச்சு வாங்கியது.

"ஏ எறும்பே, அரசாங்க வேலை ஒண்ணு இருக்கு. வரியா?"

"எத்தன நாளு?"

"ஒரு நாள்."

"சாப்பாடு?"

"ஒரு வெட்டுக்கிளி."

"காலோடயா, கால் இல்லாமயா?"

"முழுசா."

மறுநாள் காலை தைலம்மை எறும்பை அலகு நுனியில் தூக்கிக்கொண்டு போய் விண்ணப்பம் கொடுத்தாள். ஏகாம்பரம் அதைப் படித்துவிட்டு நேரில் ஆய்வு செய்ய வந்தார். கூட்டின் முன்னால் ஒற்றைக் காலில் நின்றார். சோலை முட்டைகள் மேலிருந்து எழவில்லை.

"அணை பேரு?"

"தைலம்மை அணை."

"மண்ணா, கல்லா?"

"கல்லு சார்."

கல்லணை என்று அவர் எழுதிக்கொண்டார். "அளக்கறது யாரு?"

தைலம்மை எறும்பை விளிம்பின் அடியில் இறக்கிவிட்டாள். எறும்பு முன்னங்காலை நீட்டி, மடக்கி, நீட்டி, மேலே போனது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, பதினொன்றே கால் முழம் என்று அறிவித்தது.

"இதெல்லாம் செல்லாது" என்றார் ஏகாம்பரம். "எறும்புக்கு ஏது கை? அது கால்."

"முழங்கையே இல்லாத தும்பிக்கையக் கைன்னு எழுதியிருக்கீங்களே சார். இது நல்லா மடங்குது, பாருங்க." எறும்பு மடக்கிக் காட்டியது. "இத அடிச்சீங்கன்னா அதையும் அடிக்கணும். ரெண்டும் ஒரே பதிவேடு."

ஏகாம்பரம் எறும்பின் காலைப் பார்த்தார். பிறகு மேலே ஏரிக்கரையைப் பார்த்தார். தும்பிக்கையை அடித்தால், இரண்டு வருடமாக வாரம் இருமுறை வரப்பில் என்ன ஆய்வு செய்தீர்கள் என்று யாராவது கேட்கலாம். எறும்பை ஏற்றால் பதினொன்றாம் விதி வரும், ஏரித் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் இத்தனை மீனும் எங்கே போகும்? நடுவில் மிஞ்சும் முழங்கால் தண்ணீரில் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். அவருடைய முழங்கால்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லி அவர் பேனாவைத் திறந்தார். "முழுக் கொள்ளளவு?"

"நாலு."

"இன்றைய இருப்பு?"

"நாலு."

நாலு என்ன என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. அணை முழுக் கொள்ளளவை எட்டியதாகப் பதிவாயிற்று. அணைகள் என்ற பக்கத்தில் முதல் வரி விழுந்தது.

அன்று மாலையே பூவராகனுக்கு நோட்டீஸ் போனது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"கீழ இருக்கிற அணைக்கு ஆபத்தா? எந்த அணை சார்?"

ஏகாம்பரம் அலகால் காட்டினார்.

"அங்க ஒண்ணும் தெரியலையே. குருவி ஒண்ணு உக்காந்திருக்கு."

"அது உக்காந்திருக்கிறதுதான் அணை. பதினொன்றே கால் முழம்."

"அப்ப என்னோடது?"

"ரெண்டரை."

பூவராகன் கரையைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். "அந்த எறும்ப இங்க அனுப்புங்க. என் கரைய அளக்கட்டும். ஆயிரக்கணக்குல வரும்."

"தாராளமா அளக்கலாம். ஆயிரம் முழம்னா அது அணை. அணைன்னா மறுகாலத் திறக்கணும், நண்டு வளைய அடைக்கணும், அந்த ஊற்றுப் பலகைய எடுக்கணும், வருஷா வருஷம் நான் ஆய்வுக்கு வரணும்."

"இப்பவே வாரம் ரெண்டு தடவ வரீங்களே சார்."

"அது தரச் சோதனை" என்றார் ஏகாம்பரம்.

பூவராகன் இறங்கிய குரலில், "வரப்பாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். அடுத்த நாள் குரங்குகளைக் கூப்பிட்டு எழுத்துகளைப் பிடுங்கி, மறுகாலை ஆழமாகத் தோண்டச் சொன்னார். கொஞ்சங்கொஞ்சமாக என்று உத்தரவில் இருந்ததால் தண்ணீர் ஐந்து நாள் வழிந்தது. ஓடையின் நடுவாகச் சலசலத்துப் போனது. கூட்டுக்கு இரண்டு குருவித் தூரம் தள்ளியே போனது. ஆமைகள் ஒவ்வொன்றாகத் தரை தட்டின. நடுவில் கலங்கிய தண்ணீரில் ஏகாம்பரம் காலை முதல் மாலை வரை நின்று உத்தரவு நிறைவேறுவதை நேரடியாகக் கண்காணித்தார்.

இருபத்தாறாம் நாள் சாரல் இறங்கியது. இரண்டு பகல் விடாமல் பெய்தது. மேலிருந்து ஓடை சிவந்து வந்து பாதி ஏரியை நிரப்பியது. மிச்சம் மறுகால் வழியே வெளியேறியது. நண்டு சங்கிலியின் வீட்டு உச்சி தாங்காமல் உட்கார்ந்து, அதன் மேல் இருந்த கரை யானை நீளத்துக்குச் சரிந்தது. தண்ணீர் அந்த உயரத்தில் இல்லாததால் மண் மட்டும் பொத்தென்று விழுந்தது. ஏரி தளும்பி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கும் எழுதப்படவில்லை. நடக்காததற்கு அந்த அலுவலகத்தில் படிவம் கிடையாது.

இந்த இடத்தில் பூவராகன் மனம் திருந்தினார் என்று எழுத வேண்டும். அவர் திருந்தவில்லை, திருந்த வேண்டிய தேவையும் வரவில்லை. தண்ணீர் வற்றிய பகுதியில் முழங்கால் ஆழச் சேறு இருந்தது. பூவராகன் அதில் ஒருநாள் புரண்டு பார்த்தார். வாழ்க்கையில் தாம் விரும்பியது இதைத்தான், படகு சவாரியை அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுவாரமே 'பூவராகன் சேற்றுக் குளியல்' தொடங்கியது. எருமைகள் வரிசையில் நின்றன. வரிசை மூங்கில் புதரைத் தாண்டியது.

இருபத்தெட்டாம் நாள் காலையில் முட்டைகள் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சு கூட்டில் தங்காது. ஈரம் காய்ந்ததும் எழுந்து நடந்துவிடும். நான்கும் நடந்துவிட்டன.

பிற்பகலில் ஏகாம்பரம் அணையை ஆய்வு செய்ய வந்தார். ஏரி மீன் தீர்ந்துபோயிருந்தது. அவர் நடையில் ஒரு தேடல் இருந்தது. கூட்டைக் குனிந்து பார்த்தார். பள்ளத்தில் ஓட்டுத் துண்டுகள்தான் கிடந்தன.

"நேத்து நாலு இருந்துச்சே."

"இருந்துச்சு சார்."

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல."

"கசிஞ்சிருச்சு சார்" என்றாள் தைலம்மை.

அவர் கழுத்தை நீட்டிக் கூழாங்கற்களைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் நான்கு கற்கள் மற்ற கற்களை விடக் கொஞ்சம் உருண்டையாக இருந்தன. "எந்தப் பக்கமா கசிஞ்சுது?"

தைலம்மை வானத்துக்கு எழும்பி, தன் இனம் எப்போதும் கத்துவது போலக் கத்தினாள். சோலையும் கத்தினான். நான்கு கற்களும் மூச்சு விடாமல் கிடந்தன.

ஏகாம்பரம் குறிப்பேட்டை எடுத்து, எச்சரிக்கை நானூற்றுப் பதின்மூன்று, கவனிக்கத் தேவையில்லை என்று எழுதினார். எழுதும்போது கீழே பார்க்கத்தான் செய்வார்கள். நிமிர்ந்தபோது நான்கு கற்களைக் காணவில்லை. ஈரமணலில் தடம் மட்டும் இருந்தது. அவர் நேர்மையான அதிகாரி; கண்டதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார். அது இன்றும் அங்கே இருக்கிறது:

'தைலம்மை கல்லணை. உயரம் பதினொன்றே கால் முழம். முழுக் கொள்ளளவு நாலு. இன்றைய இருப்பு இல்லை. கசிவு நான்கு. ஒவ்வொரு கசிவுக்கும் இரண்டு கால்.'

நீதி: வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உயரமான இடத்தைத் தேடி ஓடாதீர்கள். குட்டையான முழத்தைத் தேடி ஓடுங்கள்.